தொலைபேசியில் வந்த விசாரணை அழைப்பு

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன், கார்த்திகையில் போரில் இறந்தவரை நினைந்து விளக்கேற்றிய படமொன்றை முகநூலில் போட்டிருந்தார். பயங்கரவாத விசாரணைப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், கைத்தொலைபேசியுடன் வாக்குமூலம் கொடுக்க வருமாறு அழைத்துள்ளார். சட்டத்தரணியுடன் போனால் குற்றவாளி என்றே நினைப்பார்கள் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
(தாயார், கோப்பாய்)

பதில்: உறவினர்களின் அறிவுரையை முதலில் ஒதுக்கிவையுங்கள். அழைத்தவர் யார், எந்த விடயம், எந்தச் சட்டத்தின் கீழ் என்பவற்றைக் குறிப்பிட்டுத் தமிழில் எழுத்துமூல அழைப்பொன்றைத் தருமாறு சட்டத்தரணி ஊடாகக் கேளுங்கள். போகாமலே இருந்துவிடுவதும், பதிவை அவசரமாக அழிப்பதும் வீண் சந்தேகத்தையே வளர்க்கும்.

இறந்தவரை நினைந்து விளக்கேற்றுவது தன்னளவில் குற்றமன்று. ஆனால் படத்தில் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம் ஏதும் இருந்தால் அதைச் சட்டத்தரணியிடம் மறைக்கவேண்டாம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, எழுத்தாலோ காட்சியாலோ இன முறுகலை ஏற்படுத்துவதையும் குற்றமாக்கி, 5 முதல் 20 வருடம் வரை சிறை விதிக்கிறது. அதன் சொற்கள் எதையும் உள்ளடக்கக்கூடிய அளவுக்கு அகலமானவை. ஊடகவியலாளர் திசைநாயகத்துக்கு 2009இல் 20 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டதும் இச்சட்டத்தின் கீழ்தான். மூன்று வருடங்களுக்கென்று கொண்டுவரப்பட்ட சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அச்சத்தின் பெயரால் பெற்ற அதிகாரத்தைப் போர் முடிந்த பின்னரும் எந்த அரசாங்கமும் கைவிடவில்லை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது வாக்குமூலத்தில்தான். சாதாரண கொலை வழக்கில்கூடப் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சான்றாகாது; இச்சட்டத்தின் கீழோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாகும், அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையிலேயே விழும். ஆகவே மகன் சொன்னதைத் தமிழிலேயே பதியுமாறு கேட்கட்டும்; சிங்களத்தில் எழுதிய தாளில், வாசித்து விளங்கப்படுத்தாமல், கையொப்பமிடவேண்டாம். கைத்தொலைபேசியை எடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கைது செய்தால் காரணத்தையும் கொண்டுசெல்லும் இடத்தையும் கேட்டுக் குறித்துவைத்து, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கும் கடமை கைதுசெய்த அதிகாரிக்கும் உண்டு. தடுப்புக்காவல் உத்தரவை மும்மூன்று மாதங்களாக நீடிக்கலாம். 2022இன் திருத்தம் அதன் உச்சத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. சட்டத்தரணியைச் சந்திக்கவும் உறவினருடன் தொடர்புகொள்ளவும் உள்ள உரிமையை அதே திருத்தம் எழுத்தில் தந்துள்ளது.

மகனின் உரிமை மீறப்பட்டால், அடிப்படை உரிமை மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் வாங்கி வையுங்கள்.