தம்பிக்கு டிப்ரஷன் என்றார்கள், இப்போது பைபோலார் என்கிறார்கள். முதல் டாக்டர் தவறு செய்துவிட்டாரா?

உங்கள் தம்பிக்கு இருபது வயது. ஆறு மாதமாக டிப்ரஷன் மாத்திரை சாப்பிட்டவன் இப்போது ஒரு வாரமாகத் தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறான், புது டாக்டர் பைபோலார் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய் எந்த வயதில் ஆரம்பிக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு பேசுவார்கள், ஆஸ்பத்திரிக்கு அலைவது மட்டும் நீங்களாக இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் அப்படி அலைந்த மூத்த மகள்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஒரு குடும்பத்தின் கதையை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. மாத்திரை பற்றி எழுதினாலே மருந்து கம்பெனி ஆள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு: அநேகமாகத் தவறில்லை. பைபோலார் என்றால் மனம் சில காலம் ஒடுங்கிப் படுத்துவிடுவதும் (டிப்ரஷன்), சில காலம் தூக்கமில்லாமல் அளவுமீறிப் பொங்குவதும் (மேனியா) வருகிற நோய். பலருக்கு அது முதலில் டிப்ரஷனாகத்தான் வருகிறது. ரத்தத்திலோ ஸ்கேனிலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. தைராய்டு போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்கத்தான் அந்தப் பரிசோதனைகள். டிப்ரஷன் என்று சொல்ல இரண்டு வாரம், மேனியா என்று சொல்ல ஒரு வாரம் அறிகுறி நீடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதன் லேசான வடிவத்துக்கு நான்கு நாள். மேனியா என்ற அந்த மற்ற பாதி வெளியே வராதவரை எந்த டாக்டருக்கும் அது தெரியாது. வந்த பிறகும் வீட்டில் இருப்பவர்கள் சொன்னால்தான் தெரியும். நாங்கள் சொல்லவில்லை.

அம்மா 1956இல் பிறந்தவர். 1979இல் என் தம்பி பிறந்த பத்தாம் நாள் அவருக்குத் தூக்கம் போயிற்று. எனக்கு மூன்று வயது. ஆச்சி சொல்லித்தான் தெரியும். பச்சை உடம்போடு விடிய விடிய வீடு கழுவினாராம். இது பெருமாள் கொடுத்த பிள்ளை என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாராம். காத்துக் கருப்பு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். மூன்று மாதத்தில் தணிந்தது. தாயத்துதான் குணமாக்கியது என்று ஆச்சி கடைசி வரை நம்பினார். ஆச்சியை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மூன்று மாதமும் மகளின் கையைப் பிடித்தபடியே படுத்திருந்தவர் அவர். ஆனால் பிரசவத்துக்குப் பின் இப்படித் தூக்கம் போய் நிலை மாறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

1994இல், 38 வயதில், அம்மா படுத்துவிட்டார். நான்கு மாதம். தையல் மெஷின் மேல் தூசி படிந்தது, குளிக்க வைத்தது நான். டாக்டர் இமிப்ரமின் என்ற டிப்ரஷன் மாத்திரை எழுதினார். மூன்றாவது வாரம் எழுந்தார். எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. விடிகாலை மூன்று மணிக்கே மெஷின் ஓடும். தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுத்தார். அடுத்த முறை போனபோது டாக்டர் என்னிடம்தான் கேட்டார், "இப்ப எப்படி இருக்காங்க?"

"ரொம்ப நல்லா இருக்காங்க டாக்டர். பழைய அம்மா திரும்பி வந்துட்டாங்க."

மூன்று மணி நேரம்தான் தூங்குகிறார் என்று சொல்லவில்லை. எழுந்து நடமாடுகிற அம்மாவை மறுபடி படுக்க வைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். மாத்திரை தொடர்ந்தது. அடுத்த மாதம் எனக்குச் சேர்த்து வைத்திருந்த பதினொரு பவுனையும் அடகு வைத்து ஜவுளிக்கடை போடப் போகிறேன் என்றார், அறுபது சேலை கடனுக்கு எடுத்தார், தடுத்த அப்பாவை வாசலில் வைத்து அடித்தார். உள்ளே பைபோலார் இருக்கும்போது டிப்ரஷன் மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது மேனியாவைக் கிளப்பிவிடும். இது எனக்குத் தெரிந்தது ஒன்பது வருடம் கழித்து. நகை போனதில் வருத்தமில்லை. அந்தப் பதிலைச் சொன்னது நான் என்பதில்தான்.

2003இல் ஓர் அரசு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். அம்மா வயதுக்கு வந்ததிலிருந்து கேட்டார். "பிள்ளை பெத்தப்ப எப்படி இருந்தாங்க?" என்றபோதுதான் நான் ஆச்சி சொன்னதைச் சொன்னேன். அதுவரை அதை இந்த நோயோடு நாங்கள் சேர்த்தே பார்த்ததில்லை. ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, கோட்டுக்கு மேலே 79, கீழே 94, பக்கத்திலேயே மறுபடி மேலே 94 என்று குறித்துக்கொண்டே வந்தார். அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எனக்குப் பேய் பிடிக்கலையா?" என்று கேட்டார். அவருக்கு அப்போது 47 வயது.

அன்று ஆரம்பித்தது லித்தியம், மனநிலை மேலும் கீழும் போகாமல் பிடித்து வைக்கிற மருந்து. பேட்டரியில் போடுகிற உப்பைக் கொடுக்கிறார்கள் என்று மாமா கத்தினார். அது மண்ணில் கிடைக்கிற உப்புதான். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியா வந்த பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியதிலிருந்து மருந்தாக இருக்கிறது. அம்மா அதில் பதினாறு வருடம் நன்றாக இருந்தார். என் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்தது அவர்தான்.

2019 மே மாதம், 63 வயதில், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. கூடவே முட்டி வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக். கை நடுங்கியது, பேச்சுக் குழறியது, நடை தள்ளாடியது. பழைய நோய் திரும்பிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். பக்கவாதமோ என்றார் பக்கத்து டாக்டர். ரத்தத்தில் லித்தியம் 2.1 இருந்தது. வழக்கமாக 0.6லிருந்து 1.0 வரை வைப்பார்கள், வயதானவர்களுக்கு அதைவிடக் குறைவாக. உடம்பில் நீர் வற்றினாலும், உப்பைத் திடீரெனக் குறைத்தாலும், டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டாலும், சில பிரஷர் மாத்திரைகளாலும் இந்த அளவு ஏறும். நாற்பதுகளில் ஒத்துக்கொண்ட அதே மாத்திரையைக் கிழவயதுச் சிறுநீரகம் வெளியேற்றச் சிரமப்படும். அதற்காக லித்தியமே கூடாது என்பவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். இப்போதும் அம்மா குறைந்த அளவில் அதைத்தான் சாப்பிடுகிறார். லித்தியம் அளவு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், தைராய்டு மூன்றையும் தவறாமல் பார்க்கிறோம். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். பல இடங்களில் இதைச் சொல்வதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். முன்பு இந்தப் பரிசோதனைக்குப் போக ஒரே பஸ். இப்போது அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, இறக்கி, அங்கே நிழல்கூட இல்லாமல் நிற்க வைத்து இன்னொரு பஸ். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு நூற்றைம்பது ரூபாய் ஆட்டோவுக்கே போகிறது. நகரத்துக்கு அழகு என்று முடிவெடுத்தவர்கள் யாரும் எழுபது வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவதில்லை.

சரி, வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிகமாக ஆரம்பிப்பது பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான். சின்னப் பிள்ளை கோபத்தில் சாமான்களை உடைத்தாலே பைபோலார் என்று பயப்பட வேண்டாம். என் தங்கை மகனுக்குப் பதினோரு வயதில் நான் அப்படித்தான் பயந்தேன். தினமும் அதே எரிச்சல் என்றால் அது வேறு, நன்றாக இருந்த பிள்ளை சில நாள் ஆளே மாறிப்போவது வேறு என்று ஒரு டாக்டர் பிரித்துச் சொன்னார். ஐம்பதைத் தாண்டி முதல் தடவையாக மேனியா வந்தால் மூளை, தைராய்டு, சாப்பிடுகிற மருந்துகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவருக்கு அது ஆஸ்துமாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டால் வந்தது.

தம்பியின் பழைய சீட்டுகளை எல்லாம் புது டாக்டரிடம் கொண்டு போங்கள். பிளஸ் டூவிலோ கல்லூரியிலோ தூங்காமல் சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் உண்டா என்று அம்மாவிடமும் அவன் நண்பர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பெருமைப்பட்ட நாட்களையும் சேர்த்து எழுதுங்கள். சித்தப்பா, தாத்தா யாருக்காவது இருந்ததா என்பதையும். அந்த டிப்ரஷன் மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறானா? நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். ஏடிஎம் கார்டையும் பைக் சாவியையும் வாங்கி வையுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ கை மீறிப் போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரவில் யாரும் கிடைக்காவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.