பழைய ரோம் அச்சுப் படங்களில் தெரு வாழ்க்கை: கேள்வி பதில்

கேள்வி: 18ஆம் நூற்றாண்டுப் படங்களில் ரோமின் பழங்காலப் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே மாடுகள் நிற்கின்றனவே, அழகுக்காகப் போட்டதா?

பதில்: இல்லை, அந்த மாடுகள் நிஜம். ரோமின் மாட்டுச் சந்தையே அங்கேதான் நடந்தது. இடத்தையும் கம்போ வச்சீனோ, அதாவது மாட்டுத் திடல் என்றுதான் அழைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மண் மேடிட்டதால் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் வெற்றி வளைவு பாதி புதைந்து கிடந்தது. அந்தக் காலத்தில் ரோமை அச்சுப் படங்களாக வரைந்த பிரானேசியின் படத்திலும் அப்படித்தான் இருக்கும். மாடுகள் தண்ணீர் குடித்த பெரிய கிரானைட் தொட்டியை 1818இல் ரோமிலேயே உள்ள குயிரினால் குன்றுக்குக் கொண்டுபோய் நீரூற்றாக்கினார்கள். இன்றும் அங்கே பார்க்கலாம்.

கேள்வி: பிரானேசி வரைந்த ஆட்கள் ஏன் இவ்வளவு சின்னதாக, கந்தலோடு, கையை வீசிக்கொண்டே இருக்கிறார்கள்?

பதில்: கட்டடம் மலைபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆளைச் சுருக்கினால் தூண் தானே வளர்ந்துவிடும். அவர் கட்டடக்கலை பயின்றவர். படங்களை வாங்கியவர்களில் பலர் ரோமைப் பார்க்க வந்த வெளிநாட்டுப் பயணிகள். ஆகவே அந்த ஆட்களின் தோரணையை அப்படியே நம்பாதீர்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கும் தொட்டி, படகு, மீன் பலகை போன்றவற்றைப் பாருங்கள். இடத்தோடு ஒட்டிய பொருளைத்தான் நான் பெரிதும் நம்புவேன்.

கேள்வி: மீன் பலகையா? எந்த இடத்தில்?

பதில்: ரோமில் உள்ள ஒக்டாவியா மண்டபத்தில். பழைய ரோமானியத் தூண்களுக்கு இடையே நகரத்தின் மீன் சந்தை நடந்தது, பளிங்குப் பலகைகளில் மீனைப் பரப்பி விற்றார்கள். அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. அந்தக் கல்லைவிட நீளமான மீன் வந்தால், தலையை முதல் துடுப்பு வரை வெட்டி நகர அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம்! படத்தில் இருப்பது வெறும் கூட்டமல்ல, சட்டதிட்டம் உள்ள சந்தை என்று அதைப் படித்தால் புரியும்.

கேள்வி: அன்றாட வாழ்க்கைக்கு வேறு யாருடைய படங்களைப் பார்க்கலாம்?

பதில்: ரோமுக்கு ஜுசெப்பே வாசி என்ற அச்சோவியர். 1747 முதல் 1761 வரை பத்துத் தொகுதிகள் வெளியிட்டார். பிரானேசியே இளமையில் இவரிடம் கொஞ்சகாலம் தொழில் கற்றவர்தான். வெனிஸுக்கு கயெதானோ ஸோம்பினி. 1753இல் வந்த அவருடைய 60 படங்களிலும் தெருத் தொழிலாளர்களே நாயகர்கள்: நாற்காலி பழுதுபார்ப்பவர், இரவில் விளக்கேந்தி வழிகாட்டுபவர் என்று. ஒவ்வொரு படத்துக்கும் கீழே வெனிஸ் பேச்சுமொழியில் சிறு செய்யுள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தொகுப்புதான். கட்டடத்தை அளந்து காட்டுவதற்காக இல்லாமல், மனிதர்களுக்காகவே மனிதர்களை வரைந்திருக்கிறார்.

கேள்வி: ரோமின் நவோனா சதுக்கத்தில் குதிரை வண்டிகள் தண்ணீருக்குள் ஓடுவதுபோல ஒரு படம் பார்த்தேன். வெள்ளமா?

பதில்: கொண்டாட்டம்! ஆகஸ்ட் வார இறுதிகளில் நீரூற்றின் வடிகாலை அடைத்துச் சதுக்கத்தில் தண்ணீர் தேக்குவார்கள். 1652இல் தொடங்கி 1866 வரை நடந்தது. அப்போது புதன்கிழமைகளில் அதே இடத்தில் சந்தையும் நடந்தது.

கேள்வி: படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: செப்புத் தகட்டில் வரைவது தாளில் திரும்பித்தான் விழும். தேர்ந்தவர்கள் தகட்டிலேயே மாற்றி வரைந்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ஆட்களின் கைகளைப் பாருங்கள். எல்லாரும் இடக்கையால் வேலை செய்தால், படம் திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம்.