தாடை ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது வேலைக்குப் போகலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தாடை ஆபரேஷன் ஆனவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எப்போ டாக்டர் வேலைக்குப் போகலாம்?" என்பதுதான். எல்லோருக்கும் ஒரே தேதி சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், மூட்டை தூக்குபவர், நாள் முழுக்கப் பேசியே பிழைப்பவர் என்று ஒவ்வொருவருடைய தாடைக்கும் வேலை வேறு. அதைப் பார்த்துத்தான் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

மேல் தாடை, கீழ்த் தாடை இரண்டிலும் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம் ஆகிறது. வலி அவ்வளவாக இல்லை. எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன், வரும் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகலாமா?

இன்னும் ஒரு வாரமாவது பொறுங்கள், இரண்டு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. வலி நின்றுவிட்டது என்பதால் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. வெட்டி நகர்த்திய எலும்பை இப்போது பிடித்துக்கொண்டிருப்பது டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும்தான். எலும்பு ஓரளவு சேர ஆறு வாரம் ஆகும், நல்ல பலம் வர மூன்று மாதம்கூட ஆகலாம். உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் போகிறவர்கள் உண்டு. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி, அதுவும் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துப் பிடிக்கிற ரப்பரை மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு பீரியட் குரல் கொடுப்பது அப்படியல்ல. உதடு வீங்கி மரத்திருக்கும்போது ப, ம, வ எல்லாம் குழறும், ரப்பர் இருந்தால் ச, ஸ சரியாக வராது. இதெல்லாம் போகப் போகச் சரியாகும்.

தலைமை ஆசிரியரிடம் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்து, முதல் வாரம் இரண்டு பீரியட் மட்டும் கேளுங்கள். இடுப்பில் மாட்டுகிற சின்ன மைக் செட் வாங்கிக்கொள்ளுங்கள், கரும்பலகையில் எழுதிப்போட்டுச் செய்யவைக்கிற பாடங்களை அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மேல் தாடையிலும் ஆபரேஷன் ஆகியிருப்பதால் டாக்டர் சரி சொல்லும்வரை மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் அடக்கவும் கூடாது.

ஐ.டி.யில் இருக்கிறேன், மூன்றாவது வாரம், வீட்டிலிருந்தே வேலை. பதினோரு மணிக்கெல்லாம் தலை சுற்றுகிறது, எதையும் யோசிக்க முடியவில்லை. ஆபரேஷனில் ஏதாவது கோளாறா?

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன். மெல்ல முடியாத நாட்களில் நிறைய பேர் ஜூஸையும் ரசத்தையும் குடித்துவிட்டுச் சாப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், அதில் வயிறு நிறையுமே தவிர புரதம் கிடைக்காது. சில கிலோ எடை குறைவது சகஜம்தான், ஆனால் எலும்பு கூட வேண்டிய நேரத்தில் உடம்பைப் பட்டினி போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

மூன்று வேளையை மறந்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று அலாரம் வையுங்கள். சத்துமாவுக் கஞ்சியை வெந்நீரில் இல்லாமல் பாலில் காய்ச்சுங்கள். பருப்பைக் குழைய வேகவைத்து, நெய் விட்டு, மிக்ஸியில் அடித்து வடிகட்டுங்கள். சிக்கன் சூப் என்றால் தெளிந்த தண்ணீரை மட்டும் குடிக்காமல் சதையையும் சேர்த்து அரைத்துவிடுங்கள். வேகவைத்த முட்டையைக்கூட பாலோடு அரைக்கலாம், ருசி போகப் போகப் பழகும். மெல்லாமல் நாக்கால் நசுக்கக்கூடியதைச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு சாம்பாரில் நன்றாக ஊறிய இட்லி, மசித்த தயிர் சாதம். ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சும்போது தையலில் இழுவை விழும். ஸ்பூன் அல்லது அழுத்தினால் ஊற்றும் பாட்டில் போதும். ஒவ்வொரு முறை சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, குழந்தைகளுக்கான சின்ன பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சாப்பிட்டு இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல் நிற்கவில்லை என்றால் ரத்த அளவு, பிரஷர் பார்க்க வாருங்கள். வலி மாத்திரைகளில் சிலதும் மந்தமாக்கும், என்ன மாத்திரை என்று காட்டிவிடுங்கள்.

என் தம்பி பைக்கில் விழுந்து கீழ்த் தாடை உடைந்து, வாயைக் கம்பி கட்டி மூடியிருக்கிறார்கள். லேத் பட்டறையில் வேலை, ஓனர் தினமும் போன் பண்ணுகிறார்.

பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் கம்பி இருக்கும். அதுவரை பட்டறைப் பக்கமே வேண்டாம். கனமானதைத் தூக்கும்போது நம்மை அறியாமல் பல்லைக் கடிக்கிறோம், அந்த அழுத்தம் நேராக உடைந்த இடத்துக்குப் போகும். அதைவிட முக்கியம், வாந்தி வந்தால் என்ன செய்வது என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்: உடனே குனிந்து, தலையை முன்னால் சாய்த்து, பக்கவாட்டில் வெளியே விட வேண்டும். கம்பி வெட்டும் கட்டர் எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எந்தக் கம்பியை வெட்டுவது என்று டாக்டரிடம் கேட்டு, தம்பியும் வீட்டில் இன்னொருவரும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்கும் வேண்டாம். ஹெல்மெட் வார் சரியாகத் தாடைக்கு அடியில்தான் அழுத்தும், அதற்காக ஹெல்மெட் இல்லாமல் போவது இன்னும் மோசம். பஸ்ஸில் போகட்டும்.

சம்பளம்தான் பயம் என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளியாக இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தமும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குச் சந்தா கட்டிய நாட்கள் போதுமான அளவு இருந்தால் நோய்க்கால உதவியாக சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும்போதோ விழுந்திருந்தால் அது வேலைக் காயமாகக் கருதப்பட வாய்ப்புண்டு, அப்போது 90 சதவீதம். சான்றிதழை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலேயே வாங்கிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கீழ் உதடு மரத்தே இருக்கிறது. ஆபீஸ் கேன்டீனில் வாயோரம் சாப்பாடு வழிவதே தெரியவில்லை, அவமானமாக இருக்கிறது.

கீழ்த் தாடை எலும்புக்குள்ளேயே உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது, ஆபரேஷனில் அது இழுபடும். திரும்பி வர வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம், ஒரு வருடம் தாண்டியும் சிலருக்குக் கொஞ்சம் மரப்பு தங்கிவிடும். எறும்பு ஊர்வதுபோல் கூசினால் பெரும்பாலும் அது நல்ல அறிகுறி. அதுவரை மடியில் கர்சீப், நாலு வாய்க்கு ஒரு தடவை துடைத்துக்கொள்வது, பக்கத்தில் உட்காரும் நம்பிக்கையான ஆளிடம் "வழிஞ்சா சொல்லுங்க" என்று சொல்லி வைப்பது, இவ்வளவு போதும். காபி சூட்டில்தான் கவனம் வேண்டும், உதடு வெந்தாலும் தெரியாது. டம்ளரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறவைத்தே குடியுங்கள்.

வேலைக்குத் திரும்பியாச்சு. எந்த அறிகுறி வந்தால் லீவு போட்டு வரணும்?

குறைந்துகொண்டிருந்த வீக்கம் திரும்ப ஏறுவது, காய்ச்சல், வாயில் சீழ் வாடை, மூக்கிலிருந்து நிற்காத ரத்தம். மூச்சோ முழுங்குவதோ சிரமமானால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். நேற்றுவரை சரியாகச் சேர்ந்த பற்கள் இன்றைக்குத் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் முட்டுகின்றன என்றால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே வாருங்கள். பிளேட் தளர்ந்திருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் சரிசெய்வது சுலபம்.