ஒரே கிருமி அண்ணனுக்கு அல்சர் தருகிறது, தம்பியை விட்டுவிடுகிறது. எப்படி?

அண்ணனுக்கு அல்சர், அதே எச். பைலோரி (ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி) எனக்கும் இருக்கிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்த அண்ணன் இடத்தில் இருப்பவன் நான்.

எண்டோஸ்கோபியில் கடுகளவு சதையைக் கிள்ளி மஞ்சள் ஜெல்லில் வைத்தார் டாக்டர். தொண்டை மரத்துப்போய் எச்சில் விழுங்கத் தெரியாமல் நான் உட்கார்ந்திருக்கும்போதே அது ரோஸ் நிறமாகிவிட்டது. கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குவதன் அடையாளம் அது. வயிற்று அமிலத்தில் அது பிழைத்துக் கிடப்பதும் அதே வித்தையால்தான். 14 நாள் மாத்திரை. அத்தனை நாளும் வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு கசப்பு. மனைவிக்கும் பரிசோதித்தோம், அவளுக்கும் கிருமி. ஆனால் மிளகாய் பஜ்ஜி அவளை ஒன்றும் செய்வதில்லை.

அந்த எரிச்சலில்தான் தேடிப் படித்தேன். கிருமி வயிற்றின் சளிப் படலத்துக்குள் ஒண்டிக்கொள்கிறது. துரத்த வரும் வெள்ளணுக்களால் அதை ஒழிக்கவும் முடிவதில்லை, சும்மா போகவும் தெரிவதில்லை. வருடக்கணக்கில் இழுக்கும் இந்தச் சண்டையில் அடி வாங்குவது வயிற்றுச் சுவர். கிருமியிலும் வகை உண்டு. காக்-ஏ என்ற புரதத்தை நம் செல்லுக்குள் செலுத்தும் வகை கூடுதல் வம்பு.

ஒரே கிருமி ஆளுக்கு ஆள் வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் தென் அமெரிக்காவின் கொலம்பியா. கடலோரத்தில் துமாகோ, ஆண்டிஸ் மலைமேல் துக்கெரெஸ். இடையே சுமார் 200 கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தக் கிருமி. ஆனால் வயிற்றுப் புற்றுநோய் மலையில் லட்சத்துக்கு 150 பேருக்கு, கரையில் வெறும் 6 பேருக்கு!

ஏன்? ஒரு சந்தேகம் வயிற்றுப் பூச்சி மேல். கரையோரக் குழந்தைகளுக்குக் குடற்புழு அதிகம். புழு இருந்தால் டி செல்களின் (கிருமியோடு சண்டை போடும் ஒருவகை வெள்ளணுக்கள்) வேலை வேறு பாதைக்குத் திரும்புகிறது. கிருமியை எதிர்த்து எழும் காட்டமான அழற்சி மட்டுப்படுகிறது. 2000இல் எலிகளில் சோதித்தார்கள். ஹெலிகோபாக்டர் இனக் கிருமியோடு குடற்புழுவும் கொடுத்த எலிகளுக்கு அழற்சி இருந்தது, ஆனால் வயிற்றுச் சுவர் தேய்வது வெகுவாகக் குறைந்திருந்தது. (இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்குப் பூச்சி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தசோகைக்கு யார் பதில் சொல்வது?)

இன்னொரு விளக்கம் 2014இல் வந்தது, எனக்கு அதுதான் கூடுதல் சுவாரசியம். கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளி. அவர்கள் வயிற்றுக் கிருமியிலும் ஆப்பிரிக்க வம்சம் தூக்கல். தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஜோடி. மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிகள். கிருமியோ வெளியிலிருந்து வந்தது. இந்தப் பொருத்தமின்மை கூடக்கூட வயிற்றில் சேதமும் கூடியிருந்தது.

ஆனால் நீங்கள் இருவரும் ஒரே தாய் பிள்ளைகள், வம்சம் பேசி இங்கே பயனில்லை. உங்கள் விஷயத்தில் கிருமியின் வகை, யாருக்கு எந்த வயதில் தொற்றியது, சிகரெட், அடிக்கடி போடும் வலி மாத்திரை இவைதான் பார்க்க வேண்டியவை. குடும்பத்தில் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் இருந்திருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் அதை உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். என் மனைவிக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அவள் மாமாவுக்கு இருந்தது என்பதால்.