விலை கேட்பதற்கு முன் சேஸ் நம்பரைப் பாருங்கள்

நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில் பழைய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி ஒன்று கிடக்கிறது. கிட்டத்தட்ட இரும்பு விலைக்கே தருகிறேன் என்கிறார்கள். என் தாத்தா ஓட்டிய மாடல். வாங்கிவிடலாமா? – வாசகர், ராசிபுரம்

தாத்தா ஓட்டிய மாடல் என்றாலே பாதி முடிவு எடுத்துவிட்டீர்கள் என்று புரிகிறது. மீதிப் பாதிக்கு ஒரு வயர் பிரஷ்ஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு போங்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் நம்பர் குத்தியிருக்கும் இடத்தைத் தேய்த்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் நம்பர் எழும்பும். அது ஆர்.சி.யில் இருக்கும் நம்பரோடு ஒத்துப்போகிறதா, அதுதான் முதல் கேள்வி. மூக்கில் பென்ஸ் நட்சத்திரம் இருக்கிறது என்பதெல்லாம் சாட்சி ஆகாது. டாடாவும் டைம்லர் பென்ஸும் 1954-ல் ஜாம்ஷெட்பூரில் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்து 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரத்தைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட அரை மணி நேரம்கூட ஆகாது.

ஆர்.சி. இல்லை, தொலைந்துவிட்டது, எடுத்துத் தருகிறோம் என்றால், முதலில் அவர்களே எடுக்கட்டும், நீங்கள் பிறகு பணம் கொடுங்கள். எப்போதோ ஃபைனான்ஸில் எடுத்த வண்டியாக இருந்தால் ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது கடன் இருக்கிறது என்ற குறிப்பு, இன்னும் ரத்தாகாமல் நிற்கும், கடன் கொடுத்த கம்பெனியே இப்போது இருக்காது. அந்த ஒரு குறிப்பை நீக்க நீங்கள் அலைகிற அலைச்சலில் இன்ஜின் வேலையே முடிந்துவிடும். வரி பாக்கி இருக்கிறதா என்றும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், "ஒரிஜினல் கேபின்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தக் காலத்தில் கம்பெனி கொடுத்தது பெரும்பாலும் சேஸும் முகப்பும்தான், கேபினும் பாடியும் பட்டறையில் மரச்சட்டம் வைத்துக் கட்டியவை. அதனால் வெளித் தகடு பளபளப்பாக இருக்கும், உள்ளே மரம் உளுத்திருக்கும். கதவுக் கீல் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் கேபின் முழுக்கப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நல்லவேளை, நீங்கள் இருப்பது பாடி கட்டும் ஊருக்குப் பக்கத்தில்.

அந்த லாரிக்குப் பழங்கால வண்டிகளுக்கான 'விஏ' நம்பர் வாங்கலாம் என்கிறார்களே? – அதே வாசகர்

அவசரப்படாதீர்கள். 2021-ல் வந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் போடுவது மாதிரி காரியங்களுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். கார் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது என்பது படித்தாலே தெரியும். சரக்கு வண்டி என்று பதிவான லாரியை இதில் நுழைக்க முடியுமா என்பதை உங்கள் ஆர்.டி.ஓ.விடம் மனு எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். டீக்கடை பதிலை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். லாரியை பழைய வண்டிச் சங்கம், ராலி ஆட்கள் யாரும் விரட்டி விரட்டிச் சேர்ப்பதில்லை, அதனால் விதி எழுதியவர்களுக்கும் ஞாபகம் வரவில்லை என்பது என் சந்தேகம்.

அரசு ஏலத்தில் கண்டம் ஆன, அதாவது இனி வேண்டாமென்று கழித்த, ஃபயர் இன்ஜின் எடுக்க ஆசை. மீட்டர் ரொம்பக் குறைவாகத்தான் ஓடியிருக்கும் அல்லவா? – வாசகி, கோவை

மீட்டர் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அதை நம்பக் கூடாது. தீ எரியும் இடத்தில் வண்டி நின்றபடியே இன்ஜின் மணிக்கணக்கில் பம்பை ஓட்டுகிறது, அந்த ஓட்டம் கிலோமீட்டரில் ஏறாது. மணி அடித்ததும் சூடு ஏறாத இன்ஜினை அப்படியே முழு வேகத்தில் மிதித்துக்கொண்டு போவதும் சேர்ந்துகொள்ளும். எனவே ஆயில் பிரஷர், புகை, பம்ப்பின் சத்தம் இவற்றைப் பாருங்கள். தண்ணீர் டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகள் தெரியும். வெளியே சிவப்பு பெயிண்ட் எத்தனை கோட் அடித்திருந்தாலும் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

இன்னொரு பெரிய விஷயம். 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரலிலிருந்து புதுப்பிக்கப்படுவதில்லை, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் உடைக்கத்தான் போக வேண்டும். அதனால் ஏல அறிவிப்பில் "ஸ்கிராப் மையங்கள் மட்டும்" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்பே தனியார் கைக்கு வந்த வண்டி, மூடிய மில்லில் நிற்கும் வண்டி, இவற்றைத் தேடுவதுதான் நடக்கிற காரியம்.

சைரன் அடித்துக்கொண்டு போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கூடாது. பல சுரத்தில் ஒலிக்கும் ஹாரனும் சுழல் விளக்கும் பணியில் இருக்கும் அவசர வண்டிகளுக்கு மட்டும். ராணுவத்திலிருந்து வந்த சக்திமான் லாரி வாங்குகிறவர்களும் இதோடு கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ஆலிவ் பச்சை நிறம் ராணுவத்துக்கு மட்டும், வேறு நிறம் அடித்துத்தான் ரோட்டில் விட வேண்டும்.

லண்டனில் இருக்கிறேன். இங்கே 'கிரீன் காடஸ்' என்கிற பச்சை ஃபயர் இன்ஜின் விற்பனைக்கு வருகிறது. எடுக்கலாமா? – வாசகர், ஹாரோ

பிரிட்டிஷ் லாரி கம்பெனி பெட்ஃபோர்டின் சேஸில் 1950களில் கட்டியவை, அணுகுண்டுப் போர் வந்தால் ஊரைக் காப்பாற்ற என்று. போர் வரவில்லை, 1977-லும் 2002-லும் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவத்தினர் இவற்றை ஓட்டினார்கள். 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், குடிக்கிற குடியைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனால் பெரும்பாலும் ஷெட்டிலேயே கிடந்ததால் நிறைய வண்டிகள் நல்ல நிலையில் இருக்கும். உங்கள் லைசென்ஸ் எந்த எடை வரை செல்லும், ஹாரோவில் இதை எங்கே நிறுத்துவீர்கள், இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் எடுங்கள்.

பழைய பெட்ஃபோர்டு லாரியை மதுரையிலிருந்து திருச்சிக்குக் கொண்டுவர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வந்தால் போதுமா? – வாசகர், திருச்சி

போதாது. பிரேக் பிடிக்காத வண்டியை நான்கு வழிச் சாலையில் கயிற்றில் இழுப்பது உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து. கொஞ்ச தூரம் இழுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கெட்டியான இரும்பு பார் போட்டு, கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் பின்பக்க ஜாயின்ட்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். இன்ஜின் ஓடாதபோது கியர் பாக்ஸுக்குள் ஆயில் தெறித்து மேலே ஏறாது, பின்சக்கரம் சுற்றிச் சுற்றி பேரிங்கை வறட்டு ஓட்டத்தில் தின்றுவிடும்.

முழுத் தூரத்துக்கும் லோ-பெட்தான், அதாவது தளம் தாழ்ந்த டிரெய்லர். வண்டி உயரம் ஒன்பது அடி, லோ-பெட் தளம் மூன்றடி என்றால் மொத்தம் பன்னிரண்டு அடி, அதை வைத்து வழியில் இருக்கும் பாலங்களையும் கிராமத்து மின்கம்பிகளையும் முதலிலேயே பார்த்து வையுங்கள். ஃபயர் இன்ஜின் ஏற்றுகிறவர்கள் ஏணியைக் கழற்றிவிட்டு, டேங்கைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்யுங்கள், 4,500 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே நாலரை டன். சங்கிலியை பம்பரில் கட்ட விடாதீர்கள், ஆக்ஸிலில் கட்டச் சொல்லுங்கள். கிளம்பி அரை மணி நேரத்தில் ஓரம் நிறுத்தி எல்லாச் சங்கிலியையும் மறுபடி இறுக்க வேண்டும், முதல் குலுக்கலில் கண்டிப்பாகத் தளரும்.

டயர் காற்று இறங்கியிருந்தால் நீங்களே ஏர் பிடிக்காதீர்கள். அந்தக் காலத்து ரிம்மில் டயரைப் பிடித்து வைக்கும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் இருக்கும், துருப்பிடித்து சரியாக உட்காராத ரிங் காற்று ஏறும்போது தெறித்தால் ஆளை அடித்துப் போட்டுவிடும். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடைக்குச் சக்கரத்தைக் கழற்றி அனுப்புங்கள், கூலி அதிகம் கேட்டாலும் பேரம் பேசாதீர்கள்.