பெயர்கள் ஓடிய பிறகு

வணக்கம் அண்ணா,

மீனாட்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். ‘இன்வின்சிபிள்’ என்ற சூப்பர்ஹீரோ தொடரின் மூன்றாவது சீசனில் வந்த புது எபிசோடுகளைப் பற்றி நீங்கள் வாராவாரம் எழுதியதை விடாமல் படித்தேன். “சமீபத்தில் பார்த்த நல்ல குடும்பக் கதை, என்ன, கார்ட்டூனாக வந்திருக்கிறது” என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, ஆறாவது படிக்கும் என் மகனோடு உட்கார்ந்து, முதல் சீசனின் முதல் எபிசோடைப் போட்டேன். நன்றாகத்தான் போனது. கதையில் வருகிற மார்க் என்ற பையன் குப்பைப் பையைத் தூக்கி எறிகிறான், அது வானத்துக்குப் போய்விடுகிறது. இவன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்து, தோசை ஊற்ற அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டாவது தோசையைத் திருப்பும்போது கூடத்தில் இவன் சத்தமே இல்லை. வந்து பார்த்தால் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். டிவி முழுக்க ரத்தம். இரண்டு ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. “அந்த அப்பா ஏம்மா அப்படிப் பண்ணினார்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ‘மாமா எழுதியிருக்கார், நல்ல படம்’ என்று அவனிடம் சொன்னவள் நான். இப்போது என்ன பதில் சொல்வது?

இன்னொன்று. கடைசி எபிசோடுகளைப் பற்றி எழுதும்போது “படம் அசையவே மாட்டேன் என்கிறது, பாவைக்கூத்து பார்க்கிற மாதிரி இருக்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். பாவைக்கூத்து அவ்வளவு மட்டமா அண்ணா? என் அம்மாவைப் பெற்ற தாத்தா பாலக்காட்டுப் பக்கம் ஒரு பகவதி கோயிலில் கூத்துமாடத்து விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றியவர். இதற்கும் சேர்த்துப் பதில் எழுதுங்கள்.

ச.

அன்புள்ள தங்கைக்கு,

முதல் விஷயத்தில் தப்பு என்னுடையது. அந்தத் தொடர் பெரியவர்களுக்கானது. அமெரிக்காவில் அதற்குப் போட்டிருக்கிற தர முத்திரையும் அதைத்தான் சொல்கிறது. 2025 பிப்ரவரி 6 அன்று மூன்று எபிசோடுகள் ஒன்றாக வந்தன, அப்புறம் வாரம் ஒன்று, மார்ச் 13 அன்று எட்டாவதோடு முடிந்தது. நான் எழுதியது ஆறு கட்டுரை. ஆறிலும் ‘பிள்ளைகளோடு பார்க்காதீர்கள்’ என்ற ஒரு வரி இல்லை.

மறந்துபோய் விட்டேன் என்று சொன்னால் அது பொய். தெரிந்தேதான் விட்டேன்.

2021 மார்ச்சில் வந்த அந்த முதல் எபிசோடு ஒரு பொறி. நாற்பது நிமிடத்துக்கு மேல் சர்க்கரைப் பாகு: பள்ளிக்கூடம், அடாவடிப் பையன்கள், பறக்கும் அப்பா, மகனுக்குத் தைக்கிற புது உடுப்பு. பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான் அந்த அப்பா தன் கூட்டாளிகள் ஏழு பேரையும் கொல்கிறார். நீங்கள் அடுப்படிக்குப் போனது தற்செயல் என்று நினைக்கிறீர்கள். இல்லை, அது அவர்கள் போட்ட கணக்கு. பார்க்கிறவர் எழுந்து சோம்பல் முறிக்க வேண்டும், அப்போது அடி விழ வேண்டும். அந்தக் கணக்கைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். ‘ரத்தம் இருக்கிறது’ என்று சொன்னாலே பாதி சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். வாசகர் என்னை மாதிரியே ராத்திரி பதினோரு மணிக்கு, தனியாக, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பார் என்று ஒரு நினைப்பு. பக்கத்தில் ஒரு ஆறாம் வகுப்புப் பையன் இருப்பான் என்று தோன்றவே இல்லை. ஒரு திருப்பத்தைக் காப்பாற்றப் போய் உங்கள் பையனின் இரண்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன்.

நீங்கள் யோசிக்காமல் போட்டதற்கு ‘கார்ட்டூன்’ என்ற சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் இது பழைய குழப்பம். கேரள எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் நான் படித்த காலத்தில் பெட்டிக்கடைக் கயிற்றில் தமிழ் முத்து காமிக்ஸும் மலையாளப் பாலரமாவும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். தமிழ் மீடியத்துக்கு மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி, 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவன். கை போனவன், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மட்டும் தெரிய உடம்பு மறைந்துவிடும், ஆரம்பத்தில் நல்லவன்கூட இல்லை. மலையாளம் மீடியத்துக்கு மாயாவி என்றால் பாலரமாவில் வருகிற குட்டிப் பூதம். ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் ஓடி வரும், குட்டூசனும் டாகினியும் அதைப் பிடித்துக் குப்பிக்குள் அடைக்கப் பார்ப்பார்கள். ஒரு நாள் மாயாவி திருடுவானா மாட்டானா என்று ஒரு மலையாளம் மீடியத்துப் பையனோடு சட்டை கிழியச் சண்டை போட்டேன். இரண்டு பேரும் வேறு வேறு ஆளைப் பற்றிப் பேசியிருக்கிறோம் என்பது வீட்டில் அடி வாங்கிய பிறகுதான் தெரிந்தது. படம் போட்ட கதை என்றால் பிள்ளைகளுக்கு என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கயிற்றிலேயே இரண்டும் தொங்கின.

சரி, பையனுக்கு என்ன சொல்வது? முழுப் பதில் முதல் சீசனின் எட்டாவது எபிசோடில் வருகிறது. அதை இப்போது அவனுக்குக் காட்டிவிடாதீர்கள், முதல் எபிசோடைவிட மோசம். “எனக்கும் தெரியல கண்ணு, அந்தப் பையனுக்கும் இன்னும் தெரியாது, அவங்க அம்மாவுக்கும் தெரியாது” என்று சொல்லுங்கள். சமாளிப்பு இல்லை இது. முதல் எபிசோடு முடியும்போது நிலைமை அதுதான். தெரியாமல் அந்த வீட்டில் ஓர் அம்மா இருக்கிறாள் என்பதுதான் என்னை அந்தத் தொடரில் உட்கார வைத்தது.

டெபி என்று பெயர். வீடு விற்றுக் கொடுக்கிற வேலை. சாண்ட்ரா ஓ குரல் கொடுத்திருக்கிறார். மற்ற சூப்பர்ஹீரோ கார்ட்டூன்களில் ஊரே இடிந்து விழும், அடுத்த வாரம் கட்டடங்கள் தானாக முளைத்திருக்கும், யாரும் யாருக்கும் காரியம் செய்ததாகத் தெரியாது. இங்கே செத்தவர்களுக்குச் சாவு வீடு உண்டு. புருஷனின் உடுப்பில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு டெபி ஒன்றும் கேட்காமல் இருக்கிற நாட்கள் உண்டு. இரண்டாவது சீசனில் ஒரு காட்சி. சூப்பர்ஹீரோக்களைக் கட்டிக்கொண்டு துக்கத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசுகிற இடத்துக்கு டெபி போகிறாள். அங்கே ஒருவன் இருக்கிறான். டெபியின் புருஷன் கொன்ற ஏழு பேரில் ஒருத்தி அவன் மனைவி. ஆறுதல் தேடிப் போன அறையில், தான் யாரென்று தெரிந்துவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை. தெரிந்தும் விடுகிறது. யாரும் பறக்கவில்லை, ஒரு குத்துகூட இல்லை. குடும்பக் கதை என்று எழுதியது இதை வைத்துத்தான். குடும்பத்தோடு பார்க்கிற கதை என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை, நான்தான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பையன் பயத்துக்கு என்னிடம் ஒரு கை வைத்தியம் உண்டு. பகலில் உட்கார வைத்து, பழைய யோகி கரடி கார்ட்டூன் ஏதாவது கிடைத்தால் போட்டு, நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். துணியே இல்லாத கரடிக்குக் கழுத்தில் மட்டும் ஏன் காலரும் டையும் என்று கேளுங்கள். அழகுக்கு இல்லை, காசுக்கு. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படம் ஓடுகிறது. டிவிக்கு அவ்வளவு படம் வரையக் கட்டுப்படியாகாது. அதனால் ஹன்னா பார்பெரா கம்பெனிக்காரர்கள் உடம்பை அப்படியே வைத்துவிட்டுத் தலையை மட்டும் புதிதாக வரைந்தார்கள். தலையும் உடம்பும் ஒட்டுகிற இடம் தெரியாமலிருக்கக் காலர். இந்த ரகசியம் தெரிந்த பையன் அடுத்த ஒரு வாரத்துக்கு எதைப் பார்த்தாலும் ஒட்டு எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவான். அந்த ரத்தமும் யாரோ மேசையில் குனிந்து உட்கார்ந்து தீட்டிய சிவப்பு என்பது மெதுவாகப் புரியும்.

உங்கள் தாத்தா விஷயமும் இங்கேதான் வருகிறது. பாவைக்கூத்து மாதிரி இருக்கிறது என்று நான் வசவாக எழுதியது கை போன போக்கில் வந்த வரி. நானே பல ராத்திரி கூத்துமாடத்துக்கு முன்னால் மணலில் படுத்துக் கிடந்தவன், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கத்துப் பகவதி கோயில்களில் நீளமாக ஒரு மாடம் கட்டியிருப்பார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு. ஊர் மலையாளம், பாட்டு கம்பனின் தமிழ். ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் பார்க்க முடியவில்லையாம், அவளுக்காகத்தான் ஆடிக் காட்டுகிறார்கள். அதனால் எதிரில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். தோலில் வெட்டிய பாவைகள். பெரும்பாலானவற்றுக்கு அசைவது ஒரு கைதான். கூத்து நடத்துகிற புலவர் ஒரு பாட்டைச் சொல்லி அதற்கு அர்த்தம் விரித்துக்கொண்டே போவார், பாவை அப்படியே நிற்கும். விளக்குச் சுடர் ஆடுவதால் நிழல் மட்டும் லேசாக நடுங்கும். அரை மணி நேரம் கழித்து அந்த ஒரு கை தூக்கும்போது தூங்கிக்கொண்டிருந்தவன்கூட விழித்துக்கொள்வான்.

ஆக, அசையாமல் இருப்பது குற்றமில்லை. எங்கே அசையாமல் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தத் தொடர்க்காரர்களுக்கே இது தெரியும். இரண்டாவது சீசனில் ஒரு காமிக்ஸ் திருவிழாவில் அனிமேஷன்காரர் ஒருவர் தங்கள் தொழிலின் சிக்கனங்களை வரிசையாகச் சொல்வார்: பேசுகிறவரின் வாயை மறைத்துவிடலாம், ஒரே படத்தின் மேல் கேமராவை நகர்த்திவிடலாம். அவர் சொல்லச் சொல்ல அந்தந்தச் சிக்கனத்தை அந்தக் காட்சியிலேயே செய்து காட்டுவார்கள். வாய் விட்டுச் சிரித்தேன். ஆனால் மூன்றாவது சீசனின் ஏழாவது எபிசோடில் அதே சிக்கனம் சிரிக்க வைக்கவில்லை. வேறு வேறு உலகங்களிலிருந்து கெட்ட மார்க்குகள் கூட்டமாக வந்து பூமி முழுக்க நாசம் செய்கிறார்கள். இதை ஒரே எபிசோடில் அடக்கப் போய், ஊர் ஊராக அழிவது சுவரொட்டி ஒட்டிய மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடுகிறது. மார்க்கின் கூட்டாளி ரெக்ஸ் சாகிற இடத்தில் மட்டும்தான் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள், அது மனதில் நிற்கிறது. மற்ற பிணங்கள் கணக்குக்குத்தான். ஏழாவதைப் பற்றி நான் எழுதியதில் இன்றைக்கும் மாற்றம் இல்லை.

எட்டாவதில்தான் சறுக்கினேன். கான்குவெஸ்ட் என்கிற அந்தக் கிழட்டு அரக்கன், அதுவரை சிரித்துக்கொண்டே அடித்தவன், மார்க்கைக் கீழே போட்டுப் பிடித்துக்கொண்டு, தனக்கு யாருமே இல்லை, எல்லாருக்கும் தன்னைக் கண்டால் பயம் என்று தாழ்ந்த குரலில் சொல்வான். முகம் மட்டும்தான் திரையில். ஜெஃப்ரி டீன் மார்கனின் குரல். ‘காசு தீர்ந்துவிட்டது போல’ என்று அந்த இடத்தைக் கிண்டலடித்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த எபிசோடைத் திரும்பப் போட்டேன். படம் நின்றுதான் இருக்கிறது. குரல் நடக்கிறது. அவன் பேச்சு முடிந்து சண்டை மறுபடி தொடங்கி, இரண்டு கையும் உடைந்த மார்க் தலையாலேயே முட்டி முட்டி அடிக்கும்போதுதான் அந்த நிற்றல் எதற்கு என்று தெரிகிறது. பாவை மாதிரிதான் இருந்தது. நல்ல புலவர் கையில் இருந்த பாவை. முதல் தடவை பார்த்தபோது மறுநாள் காலைக்குள் எழுதி ஏற்ற வேண்டும் என்ற அவசரம், நிமிடத்தைப் பார்த்துக்கொண்டே பார்த்தேன். வாராவாரம் எழுதுவதில் இது ஒரு தொல்லை. விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அடுத்த சீசன் வந்தால் மறுபடி எழுதத்தான் போகிறேன், என்னைத் தெரியும்.

ஆறு கட்டுரைகளின் தலையிலும் இன்று காலை தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம், முதல் எபிசோடில் பெயர்கள் ஓடினாலும் எழுந்து போக வேண்டாம். திருப்பம் கொஞ்சம் கெடும். கெடட்டும். எட்டாவது எபிசோடைப் பற்றி எழுதிய கிண்டலை நீக்கவில்லை, கீழே திருத்தம் என்று போட்டு இதைச் சுருக்கி எழுதியிருக்கிறேன்.

ஷொர்ணூர்ப் பக்கம் அடுத்த கூத்து தொடங்கும்போது சொல்லி அனுப்புகிறேன். பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாயும் ஒரு போர்வையும் போதும். கும்பகர்ணன் விழுவதற்குள் தூங்கிவிடுவான், நான் எத்தனையோ தடவை தூங்கியிருக்கிறேன். ராத்திரி முழுக்க 21 விளக்கு எரியும். அணை என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
அண்ணன்
கொழிஞ்சாம்பாறை