16 டன் வேகன் பாயின்ட்டில் தடம் புரள்வது பற்றி

நண்பரே, ஓஓ அளவு மாதிரி ரயிலுக்காக, பாகங்களாக வரும் கிட்டிலிருந்து கட்டிய பிரிட்டிஷ் ரயில்வே 16 டன் நிலக்கரி வேகன் பாயின்ட்டில் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில்) தடம் புரள்கிறது, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பாயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம் முறுகியிருக்கிறது.

கண்ணாடித் தட்டில் வைத்து ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பாருங்கள். ஆடினால், ஒரு பக்கச் சட்டத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுங்கள். பித்தளை பேரிங்கோடு (அச்சு முனை சுழலும் சிறு கிண்ணம்) சக்கரங்களைப் பொருத்தி, கண்ணாடிமேல் நிறுத்தியபடியே மறுபடி ஒட்டுங்கள். பசை இறுகும் முன்பே நாலு சக்கரமும் படிய வேண்டும். அச்சுகள் இணையாக, 36 மி.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரமே வேண்டாம், வேகனின் ஓட்டம் முழுவதும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது.

எடையும் பாருங்கள். அச்சுக்கு 25 கிராம் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. காலி வேகன் என்றால் தளத்துக்கு அடியில் ஈயத் தகடு வையுங்கள். ஈயக் குண்டுகளைத் தயவுசெய்து பிவிஏ எனும் வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். நாளாக நாளாக உப்பிப் பிளாஸ்டிக்கையே பிளந்துவிடும். எபாக்ஸி பசை நல்லது.

டிரான்ஸ்பர் (எண், கோடுகள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டும்போது ஒன்று: வெள்ளைச் சாய்கோடு மேலேறி முடியும் பக்கம்தான் முனைக்கதவு, அதாவது நிலக்கரியைக் கொட்ட வேகனின் ஒரு முனையில் திறக்கும் கதவு.